புரதம் ஒரு பிளஸ்

கல்முனை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
இருபத்திரண்டு வருடமாக
குச்சியை அட்டையோடு பிடித்து
நிறம் வாசிக்கிறவள் நான்.
மஞ்சளென்றால் ஒன்றுமில்லை.
மஞ்சள் பச்சைக்குச் சாயும் இடத்தில்
எவளோ ஒருத்தியின் எட்டாம் மாதம் கலங்கும்.
அறுபது விநாடிக்குள் சொல்லிவிடவேண்டும்,
தாண்டினால் நிறம் பொய் சொல்லும்.

ஒரு காருக்கு நிறம் சொல்ல
மூன்று சனிக்கிழமை போதவில்லை எனக்கு.

எண்பத்து மூன்றாம் ஆண்டு டட்சன் சன்னி.
நாங்கள் வாங்கியபோதே மெரூன்.
கடற்காற்று கதவடியைத் தின்று
கறள் பொலபொலவென்று கொட்டத் தொடங்கியபிறகுதான்
மருதமுனைக்குக் கொண்டுபோனோம்,
இல்முதீனின் கராஜுக்கு.
பட்டி பூசிய இடமெல்லாம் தேமல் விழுந்து
விளக்குகள் கழன்ற இரண்டு குழிகளோடு
எங்களைப் பார்த்தபடி நின்றது அது.

"வெள்ளை அடிப்பம் மிஸ்.
மலிவு. வெயிலுக்கும் நல்லம்."

"வெள்ளை வேணாம்" என்றார் குணரெத்தினம்.
அவருடைய தம்பியைப் பற்றி
அந்தக் கராஜில் யாருக்கும் தெரியாது.
அது வான், இது கார்தானே என்று
நானும் சொல்லவில்லை.
இல்முதீன் அட்டையின் அந்தப் பக்கத்தை
மெதுவாக மடித்துவைத்தார்.

நீலத்துக்கு ஒரு கட்சி, சிவப்புக்கு ஒன்று,
மகன் விரல்விட்டு எண்ணினான்.
கறுப்படித்தால் மந்திரியென்று நினைத்து
பொலிஸ்காரன் சலூட் அடிப்பான்.
சாம்பல்?
"அதுக்கும் ஆள் வரும் தம்பி,
எலக்ஷன் வரட்டும்."

அன்று பின்னேரம்
பெற்றோல் மூடியைத் திறந்து
உள்விளிம்பைத் தின்னரால் துடைத்துக்கொண்டிருந்தவர்
"மிஸ், இஞ்ச வாங்க" என்றார்.
மெரூன் போய்ச்சேராத நான்கு விரல் இடம்.
வெயில் காணாத,
மழை காணாத,
நாற்பது வருடப் பழைய
இளம்பச்சை.

"புரதம் ஒரு பிளஸ்" என்றேன், என்னை அறியாமல்.

அந்த நம்பர் இப்போது எந்த அட்டையிலும் இல்லையாம்.
கலந்துதான் எடுக்கவேண்டும்.
முதல் கலவை இரண்டு பிளஸ், நீலம் ஏறிவிட்டது.
அடுத்தது வெறும் சுவடு, எலுமிச்சைத் தோல்.
மூன்றாவதை உடைந்த பொனட் துண்டொன்றில் அடித்துக் காட்டினார்.
பார்த்தவுடன் வாய் திறந்தேன்.
"பொறுங்க மிஸ், காயட்டும்.
ஈரத்தில பெயின்ட் பொய் சொல்லும்."

தேய்ந்த டயரொன்றின் மேல்
மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன்.
அறுபது விநாடி போனது.
இன்னும் ஒரு அறுபது.
அஸருக்குப் பாங்கு சொன்னது,
இல்முதீன் போய்த் தொழுதுவிட்டு வந்தார்.
பொனட் துண்டில் ஒரு எறும்பு நடந்து
ஒட்டாமல் மறுபக்கம் இறங்கியது.
வெயிலில் ஒன்றாக இருந்தது,
ரியூப் லைற்றுக்குக் கீழே வேறொன்றாக,
குணரெத்தினத்தின் சேட்டுக்குப் பக்கத்தில் பிடித்தபோது
இன்னுமொன்றாக.
"அடியுங்க" என்றேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
நிச்சயமில்லாமல் நான் கொடுத்த முதல் றிப்போட்.

நிறம் மாற்றினால் பதிய வேண்டுமென்றார்கள்.
லீவு போட்டு,
படிவம் நிரப்பி, வரிசையில் நின்றேன்.
'புதிய நிறம்' என்ற கோட்டில்
இளம் என்பதை எழுதி வெட்டி
மறுபடி எழுதியிருந்தேன்.
எழுதுவினைஞர் பிள்ளை
பதிவுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்:
"இதில பச்சை எண்டுதானே மிஸ் கிடக்கு.
என்னத்த மாத்திற?"

மெரூன் எங்குமே எழுதப்படவில்லை.
மெரூனில்தான் மகன் பிறக்கப் போனோம்,
மெரூனைத்தான் செக்பொயின்ற்றில் இறக்கி இறக்கிப் பார்த்தார்கள்.
சட்டப்படி அன்றெல்லாம் அது பச்சை.

படிவத்தை நாலாக மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.
வேப்பமரத்தடியில் நின்றது,
யாருடையதோ போல.
கதவைத் திறந்தேன்.
ஸ்பிரே எட்டாத பிணைச்சலுக்குப் பின்னால்
நான்கு விரல் அகலத்தில்
மெரூன்.